விடுமுறையில் பத்து வாரம் அரசாங்க அலுவலகத்தில்: ஒரு மாணவி எதைக் கற்றுக்கொண்டு திரும்பலாம்?

16 பிப்ரவரி 2025 – ஒரு வாசகரின் கேள்வி

என் மகள் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் தொடங்கும் விடுமுறைக்கு ஓர் ஆணைபெற்ற கழகம் (சட்டத்தால் அமைந்த அரசாங்க அமைப்பு) அவளைப் பத்து வார வேலைப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. ஒரு வங்கியும் அழைத்திருக்கிறது. அங்கே படித்தொகை ஏறத்தாழ இரு மடங்கு. அரசாங்க அலுவலகத்தில் பயிற்சி மாணவர்களுக்குக் கூட்டங்களுக்கான படவில்லை (ஸ்லைடு) தயாரிப்பதைத் தவிர வேறு வேலை தரமாட்டார்கள் என்று என் தம்பி சொல்கிறான். ஒருமுறை உள்ளே போனால் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று என் மனைவி அஞ்சுகிறார். மகளுக்கு மனம் என்னவோ அரசாங்க வேலையில்தான் இருக்கிறது. என்ன சொல்வது?

16 பிப்ரவரி 2025, இரவு – என் பதில்

33 ஆண்டுகள் ஆணைபெற்ற கழகம் ஒன்றில் பணியாற்றி 2020இல் ஓய்வு பெற்றேன். அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் விடுமுறை மாணவர்கள் என் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள்.

முதலில் உங்கள் மனைவியின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். பணி ஒப்பந்தம் உபகாரச் சம்பளத்தோடு, அதாவது படிப்புக்கான உதவித்தொகையோடு வருவது. விடுமுறைப் பயிற்சியோடு வருவதன்று. பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம் பெற்று உள்ளூரில் படித்தவர் 4 ஆண்டுகளும், ஆங்கிலம் பேசாத நாட்டில் படித்தவர் 5 ஆண்டுகளும், ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தவர் 6 ஆண்டுகளும் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். பத்து வாரம் வந்து போகும் மாணவிக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

உங்கள் தம்பி சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் செய்யுங்கள். அழைப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று குறித்திருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழகத்தின் பெயரைவிடப் பிரிவின் பெயர்தான் முக்கியம்.

19 பிப்ரவரி 2025

பிரிவின் பெயர் ஏன் முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் நாட்டில் மாநில அரசாங்கம், மத்திய அரசாங்கம் என்ற அடுக்குகள் இல்லை. 16 அமைச்சுகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆணைபெற்ற கழகங்களும் சேர்ந்ததே பொதுச் சேவை. பொதுவாகச் சொன்னால் அமைச்சு கொள்கையை வகுக்கிறது, கழகம் அதை மக்களிடம் கொண்டுசேர்க்கிறது. வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் தேசிய வளர்ச்சி அமைச்சுக்குப் போவதில்லை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குத்தான் (வீவக) போகிறார். ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர் மத்திய சேம நிதிக் கழகத்துக்குப் போகிறார். ஆனால் கழகத்துக்குள்ளும் பொதுமக்களின் முகத்தையே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யக்கூடிய பிரிவுகள் பல இருக்கின்றன. இருபது வயது மாணவி அத்தகைய பிரிவில் பத்து வாரம் இருந்தால் கணினித் திரையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவாள். அதற்கு வங்கிக்கே போகலாம்.

பிற நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1982 முதல் ஆளுநரின் பெயரால் ஒரு கோடைத் திட்டம் நடக்கிறது. மாணவர்கள் இரண்டு மாதம் தலைநகர் ரிச்மண்டில் அமைச்சரவைச் செயலர்களின் அலுவலகங்களிலும் ஆளுநர் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டிலும் முதலமைச்சர் பெயரில் இப்படியொரு கோடைத் திட்டம் இருக்கிறது.

20 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியம் தவறு, திருத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் கோடைக்காலப் பயிற்சி அன்று. 2022இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின் காலம் இரண்டு ஆண்டுகள். முதல் முறை அறிவித்த இடங்கள் 30. பட்டம் பெற்றவர்களே விண்ணப்பிக்க முடியும். ஆகவே உங்கள் மகளின் நிலையோடு அதை ஒப்பிட்டது பொருந்தாது.

ஆனாலும் அதில் ஒரு விதி என்னைக் கவர்ந்தது. விண்ணப்பிப்பவருக்குத் தமிழில் வேலை செய்யும் அளவுக்குத் தமிழறிவு கட்டாயம். மக்களின் மொழி தெரியாதவர் மக்களுக்கான திட்டத்தை மேற்பார்வையிட முடியாது என்ற எண்ணத்தில்தான் அந்த விதியை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2 மார்ச் 2025

மகளுக்கு இன்னும் பிரிவு தெரிவிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கும் வேளையில் என்னிடம் வந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். இது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

அந்த ஆண்டு எங்கள் பிரிவைப் பிரித்து வேறு இரண்டு பிரிவுகளோடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே எந்த மேசை என்று தெரியாத நிலையில் அந்த மாணவர் வந்து சேர்ந்தார். முதல் மூன்று வாரம் நான் அவருக்கு உருப்படியான வேலை எதையும் தரவில்லை. பழைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுக் கூட்டங்களுக்குப் போய்விட்டேன். வந்தவரை வரவேற்று உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் போவதற்கு நிகரான செயல் அது. இன்றும் அதை நினைத்தால் வருந்துகிறேன்.

அவர் அறிக்கைகளைப் படித்து முடித்துவிட்டுக் கீழ்த்தளத்துச் சேவை நிலையத்துக்குப் போய்க் காத்திருப்போர் நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்துகொண்டார். முகப்பு அதிகாரியிடம் அனுமதி கேட்டு, வெளியே போகிறவர்களிடம் இன்று வந்த வேலை முடிந்ததா, இதற்கு முன் எத்தனை முறை வந்தீர்கள் என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயரோ அடையாள அட்டை எண்ணோ கேட்கவில்லை. பத்து வாரத்தின் முடிவில் நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார்.

ஒரே காரியத்துக்காக இரண்டாம் முறை வந்தவர்களில் பெரும்பாலோர் மறதியினாலோ அலட்சியத்தினாலோ வந்தவர்கள் அல்லர் என்பது அந்தக் குறிப்பின் சாரம். படிவத்தில் “குடும்ப உறுப்பினர்களின் வருமானச் சான்று” என்று இருந்தது. மணமாகி வேறு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) வசிக்கும் பிள்ளைகள் அதில் அடங்குவார்களா என்று படிவம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள்தாம் குடும்பம் என்று சிலர் எண்ணினார்கள். தனியே போன மகனும் குடும்பம்தான் என்று எண்ணிய முதியவர்கள், சம்பளச் சீட்டைக் கேட்க மகனிடம் போகக் கூச்சப்பட்டு, விண்ணப்பத்தையே பல மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தச் சீட்டு எங்களுக்குத் தேவையே இல்லை. படிவத்தில் ஒரு வரி தெளிவாக இல்லாததால் ஒரு தாய் தன் மகனிடம் கையேந்துவதாக நினைத்துத் தயங்கி நின்றிருக்கிறார்.

நாங்கள் ஐந்தாறு பேர் மேலே அமர்ந்து எத்தனையோ முறை அந்தப் படிவத்தைச் சரிபார்த்திருந்தோம். எங்களில் ஒருவரும் கீழே போய் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை.

அவர் முன்வைத்த யோசனைகளில் ஒன்று மட்டுமே நிறைவேறியது; அதற்கும் பதினாறு மாதம் ஆயிற்று. மற்றவை புதிய பிரிவின் கோப்பில் சேர்ந்தன, அதன் பிறகு யாரும் அவற்றை எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. பத்து வார மாணவர் ஒருவரின் குறிப்பை எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது என்று எந்த அலுவலகத்திலும் எழுதிவைத்திருப்பதில்லை. அந்தக் குறை மேற்பார்வையாளரிடம்தான் இருக்கிறது. அவர் இடத்தில் அப்போது இருந்தவன் நான்.

9 மார்ச் 2025

படித்தொகையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று வாசகர் ஒருவர் சுட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது, விடுமுறையில் சேர்க்கும் பணம்தான் அடுத்த பருவத்தின் உணவுக்கும் போக்குவரத்துக்கும் என்றால் வங்கிக்குப் போகட்டும். அதில் எந்தத் தாழ்வும் இல்லை. சேவை, சேவை என்று வசதி உள்ளவர்கள் பேசுவது எளிது. பணத்துக்காக இந்த வாய்ப்பை விட்டவர்களின் அனுபவம் பொதுச் சேவைக்கு மிகவும் தேவைப்படும் அனுபவம் என்பதுதான் எனக்கு வருத்தம். ஈரறை வாடகை வீட்டில் வளர்ந்த ஒரு மாணவிக்கு, எந்தப் படிவம் எந்த வரியில் மனிதரைக் கூசவைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

6 ஏப்ரல் 2025

மகள் கழகத்தைத் தேர்ந்துவிட்டாள், பிரிவு “சேவைத் திட்டமிடல்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்தப் பெயர் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. முதல் வாரத்திலேயே, சேவை முகப்பில் சில நாள் அமர அனுமதி தாருங்கள் என்று அவள் கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. கேட்காவிட்டால் தாமாக அனுப்புபவரும் அரிது.

அதிகாரிகள் மக்களைவிட்டு விலகி நிற்கிறார்கள் என்ற கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1959இல் தன்னாட்சி பெற்ற சில மாதங்களிலேயே அரசாங்கம் அதிகாரிகளுக்கென்று ஓர் அரசியல் கல்வி மையத்தைத் திறந்தது. ஆங்கிலக் கல்வி பெற்று, காலனித்துவ நிர்வாகத்தில் பழகிய அதிகாரிகளுக்குக் கம்பம் எனப்படும் கிராமங்களிலும் கடைவீடுகளிலும் வாழ்ந்த மக்களின் இன்னல்களும் எண்ணங்களும் தெரியவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நம் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனின் தொடக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுப் பட்டயம் பெற்ற அவர் 1955இல் அரசாங்க வேலையில் சேர்ந்தது மருத்துவச் சமூகப் பணியாளராக. மறு ஆண்டு கடலோடிகள் நல அதிகாரியானார். நோயாளியின் படுக்கையருகிலும் கப்பல் தொழிலாளர்களின் குறைகளிலும் தொடங்கிய பணி வாழ்க்கை அது. வெளியுறவும் தற்காப்பும் தூதர் பதவியும் அதற்குப் பின்னரே வந்தன, அதிபரானது 1999இல். இன்றைய மாணவர்களில் பலர் முதல் நாளே கொள்கை வகுக்கும் மேசையைத்தான் கேட்கிறார்கள். நான் அவர்களைக் குறை கூறவில்லை. அந்த மேசைதான் உயர்ந்தது என்று அவர்களை எண்ணவைத்தவர்கள் நாங்கள்.

3 மே 2025

இன்று வாக்களிப்பு நாள். காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்தேன். உங்கள் மகளின் கேள்வியை இதற்கிடையில் எழுதியிருக்கிறீர்கள்: பயிற்சி தொடங்கிய பிறகு சமூக ஊடகத்தில் கட்சிகளைப் பற்றிக் கருத்து எழுதலாமா?

வாக்கு அவளுடைய உரிமை, அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் பொது அதிகாரிகள் கட்சி சார்பற்றவர்களாக இருக்க வேண்டும், அப்படி இருப்பது மற்றவர்களுக்குத் தெரியவும் வேண்டும். முகப்பில் அமர்ந்திருப்பவரின் எதிரே வருகிறவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தவராகவும் இருக்கலாம். தன் விண்ணப்பம் தன் கருத்தினால் தாமதமாகிறதோ என்ற ஐயம் அவருக்கு ஒரு கணமும் எழக்கூடாது. அந்தப் பத்து வாரமும் அவள் அலுவலகத்தின் முகமாகவே இருப்பாள், ஆகவே இந்த ஒழுக்கத்தைத் தானும் கடைப்பிடிக்கட்டும்.

14 மே 2025

முதல் நாளன்றே அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்தின் கீழ் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள், மகள் பயந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முன்பே சொல்லாதது என் தவறு. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலையில் அறிந்துகொள்ளும் அரசாங்கத் தகவலை வெளியே சொல்லமாட்டேன் என்பதே உறுதிமொழியின் பொருள். எல்லா அதிகாரிகளும் இதில் கையெழுத்திடுகிறார்கள்.

நடைமுறையில் அவள் கவனிக்க வேண்டியவை எளியவை. அலுவலகக் கோப்பைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடாது. மேசையைப் படம் எடுக்கக்கூடாது. முகப்பில் கேட்ட குடும்பக் கதையை எம்ஆர்டி ரயிலில் தோழியிடம் சொல்லக்கூடாது, பெயரை மறைத்தும் சொல்லக்கூடாது. சிங்கப்பூர் சிறிய ஊர். எந்த புளோக், எத்தனை பிள்ளைகள் என்று சொன்னாலே போதும், பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு யார் என்று தெரிந்துவிடும். உங்களிடமும் அவள் எல்லாவற்றையும் சொல்லமாட்டாள். சொல்லாவிட்டால் மகிழுங்கள்.

8 ஜூன் 2025

நான்கு வாரமாகப் படவில்லைகள்தாம், சித்தப்பா சொன்னது சரியாகிவிட்டது என்று மகள் சொல்கிறாளாம். முகப்பில் அமரக் கேட்டாளா என்று விசாரித்தேன். கேட்கத் தயங்கிவிட்டாள் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலை கேட்கட்டும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

படவில்லையைப் பற்றி என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பிப்ரவரியில் அதை வீண் வேலை என்பது போல எழுதிவிட்டேன். எழுபது பக்க அறிக்கையை ஆறு பக்கமாக்குகிறவர், எதைவிட்டால் முடிவு மாறிப்போகும் என்று தெரிந்துகொள்கிறார். அதுவும் கற்க வேண்டிய கலை. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் எண்ணாக வருகிறவரை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

15 ஜூன் 2025

வாரத்தில் இரண்டு நாள் முகப்புக்கு அனுப்பிவிட்டார்கள்! மகிழ்ச்சி.

அவளுடைய தமிழ் உயர்நிலைப் பள்ளியின் சாதாரண நிலைத் தேர்வோடு நின்றுவிட்டது, முதியவர்களிடம் பேசத் தடுமாறுகிறாள் என்பதைப் படித்தபோது எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நம் அரசியலமைப்பின்படி தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் காகிதத்தில் இருக்கும் தமிழுக்கும் முகப்பில் தேவைப்படும் தமிழுக்கும் இடைவெளி உண்டு.

விண்ணப்பம் ஏற்கப்படாத ஒரு பெரியவரிடம், “தாத்தா, நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்” என்று எங்கள் பயிற்சி மாணவி ஒருவர் மிகப் பணிவாகச் சொன்னார். அகராதிப்படி அது சரியான சொல். பெரியவரின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. “என் மேல் கேஸ் போட்டிருக்கிறார்களா, அம்மா? நான் யாரிடமும் கடன் வாங்கவில்லையே” என்றார். அவர் அறிந்த மேல்முறையீடு நீதிமன்றத்தில் இருப்பது. அதைப் போலவே, உதவிக்குத் தகுதி உண்டா என்று வருமானத்தைக் கணக்கிடும் “வருமானச் சோதனை” என்றால் வீட்டுக்கு ஆள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சோதனை என்ற சொல் அவர்களுக்குச் சுங்க அதிகாரிகளை நினைவூட்டுகிறது.

மொழிபெயர்ப்பைச் சீர்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. பொதுமக்களும் பங்கேற்கக்கூடிய “எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்” இணையத்தளம் 2022இல் தொடங்கியது. நல்ல முயற்சி அது. ஆயினும் எந்தச் சொல் யாரை அச்சுறுத்துகிறது என்பதைத் தளமோ கருவியோ கண்டறியாது. எதிரே அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டறிய முடியும். உங்கள் மகள் தன் தமிழைக் குறையாக எண்ண வேண்டாம். வீட்டில் பாட்டியிடம் பேசும் தமிழில் பேசட்டும். புரியாத சொல்லைப் பெரியவர்களிடமே, இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கட்டும். கேட்டதைக் குறித்துக்கொள்ளட்டும்.

6 ஜூலை 2025

சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி அரசாங்கம் தரும் எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இம்மாதம் 1ஆம் தேதி முதல் கிடைக்கின்றன: 800 வெள்ளி (டாலர்). 21 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு 600 வெள்ளி, 22ஆம் தேதி முதல். மகள் வேலை முடிந்து மாலையில் பக்கத்துச் சமூக மன்றத்துக்குப் போய் முதியவர்களுக்கு உதவுகிறாள் என்று படித்தேன். பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அவள் தானாகப் போகிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தொடர்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திறன்பேசியில் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளச் செயலி இல்லாதவர்கள் அச்சிட்ட சீட்டைச் சமூக மன்றத்தில் வாங்கிக்கொள்ளலாம். தாள் சீட்டு வாங்குகிறவர்களில் பலருக்குத் திறன்பேசி நன்றாகவே கையாளத் தெரியும், கையில் எண்ணிப் பார்க்க முடிவதால்தான் தாளைக் கேட்கிறார்கள் என்று அவள் கண்டிருக்கிறாள். எனக்கு இது தெரியாது. மின்னிலக்கச் சேவைகளைப் பற்றி இத்தனை கூட்டங்களில் அமர்ந்திருந்தும், கற்றுக்கொடுத்தால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்ற நினைப்பிலேயே ஓய்வு பெற்றவன் நான்.

20 ஜூலை 2025

இன்று மகளே நேராக எனக்கு எழுதியிருக்கிறாள். கடைசி வாரம், என்ன விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்கிறாள்.

ஒப்படைப்புக் குறிப்பு எழுது, அம்மா. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எது முடிந்தது, எது முடியவில்லை, அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பன இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். யோசனைகள் இருந்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எடுத்துச் செல்ல ஒப்புக்கொண்ட அதிகாரியின் பதவிப் பெயரை எழுது. ஒருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவை, மேற்பார்வையாளரின் கண் அந்த வெற்றிடத்தில் படும். என்னிடம் வந்த மாணவருக்கு இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

27 ஜூலை 2025

முகப்பில் கேட்டறிந்த சொற்களைப் பட்டியலாக்கி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாளாம். தமிழ் பேசும் ஊழியர்கள் அதைத் தொலைபேசியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். மேற்பார்வையாளரின் இசைவோடு என் பார்வைக்கும் அனுப்பியிருக்கிறாள். மொத்தம் 43 சொற்கள். மூன்றில் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். “வருமானச் சோதனை” இருந்த இடத்தில் “வீட்டில் மாதம் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்ப்பது” என்று வைத்திருக்கிறாள். நீளம்தான், இருக்கட்டும்.

ஒரே ஒரு சொல்லில்தான் நாங்கள் இணங்கவில்லை. மேல்முறையீட்டுக்கு “மறுபரிசீலனைக் கோரிக்கை” என்று எழுதியிருந்தாள். முகப்புக்கு வரும் பாட்டி இதையும் சொல்லமாட்டார் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, தன் பாட்டியிடமே கேட்டுவிட்டாளாம். “இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்பது.” அதையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.